டாமரக் சாலையில் மூன்று முறை கேட்க வேண்டும்

1

இந்தக் கதை ஒரு எலுமிச்சைக் கேக்கிலிருந்து வந்தது. இதைவிடப் பெரிய விஷயத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். என்ன செய்ய, கேக்தான்.

எங்கள் புறநகரில் தொடக்கப்பள்ளி எல்லைகளை மாற்றி வரையும் குழுவில் நானும் ஒருவன். ஏரிக்கரைப் பள்ளியில் பிள்ளைகள் நிரம்பி வழிந்து, நூலகத்துக்குள்ளேயே ஒரு வகுப்பு நடக்கிறது. ஊருக்கு வடக்கே புதுப் பள்ளி கட்டியாகிவிட்டது. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்று கோடு போட்டுப் பள்ளி வாரியத்துக்குப் பரிந்துரைப்பது எங்கள் வேலை. [இடம் அமெரிக்காவின் மினசோட்டா. மார்ச் மாதம், வெளியே பனி. இதற்கு மேல் வர்ணித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.]

ஒரு மாலை, பெற்றோர் கூட்டம் முடிந்தபின், பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டில் கடைசிக் கேக் துண்டு மிச்சம் இருந்தது. இந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் முழுசாக எடுக்கமாட்டார்கள். ஆனிகா லுண்ட் என்ற பெண் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்தாள். குழுத் தலைவர் கார்டன் மிச்சத்தைப் பாதியாக்கினார். அடுத்தவர் அதையும் பாதியாக்கினார். கடைசியில் அவ்வளவு பெரிய தட்டில் நகத்தளவு துணுக்கு ஒன்று தனியாகக் கிடந்தது. எதிர்ச் சுவரில் எங்கள் வரைபடம். அதில் சிவப்புக் கோடு டாமரக் சாலையின் நட்டநடுவே ஓடியது. நான் தட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

கதை அங்கேதான் என்னைப் பிடித்தது. முடிவு மட்டும் பிடிபடவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்கிறீர்களா? வேண்டாமா? பரவாயில்லை, கதையே இன்னும் தொடங்கவில்லையே.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "டாமரக் சாலையின் கிழக்குப் பக்கத்தில் விடியும்போது மேற்குப் பக்கத்தில் —"

அடித்துவிட்டேன். பந்து உருண்டால் எதிர்வீட்டுப் படியில் போய் நிற்கும் தெரு அது. இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் விடிகிறது.

பிறகு: "கோடு என்பது என்ன? ஒரு —" இதுவும் வேண்டாம். கோட்டைப் பற்றித் தத்துவம் பேசுகிறவன் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது: "இங்ரிட் பள்ளியில் பேசமாட்டாள்."

இது நின்றது. இங்ரிட் ஆனிகாவின் மகள், ஏழு வயது. வீட்டில் வாயாடி. பள்ளி வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பயம் நாக்கைக் கட்டிப்போடுகிறது, போகப்போகச் சரியாகும், அவசரப்படுத்தாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்குள் அவள் பேசுவது ஒரே ஒருத்தியிடம்தான். எதிர்வீட்டு ஹோதன். இங்ரிட் அவள் காதில் சொல்வாள், ஹோதன் உரக்கச் சொல்வாள்.

"டீச்சர், இவளுக்கு பாத்ரூம் போகணுமாம்."

"டீச்சர், நீங்க போட்ட கூட்டல் தப்பாம்."

ஆனிகா வீடு கிழக்குப் பக்கம், ஹோதன் வீடு மேற்குப் பக்கம். எங்கள் கோட்டின்படி, செப்டம்பரில் இங்ரிட் புதுப் பள்ளிக்குப் போவாள். ஹோதன் பழைய பள்ளியிலேயே இருப்பாள். அதன்பின் இங்ரிட் யார் காதில் சொல்வாள் என்று எங்கள் வரைபடத்தில் இல்லை.

3

கோடு முதலில் அங்கே இருக்கவில்லை. ஃபாக்ஸ் ஹாலோ குடியிருப்பை ஒட்டிப் போட்டிருந்தோம். அங்கே குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆரஞ்சுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் மைக்கில் பேசலாம் என்பது விதி. ஒருவர் மூன்று நிமிடமும் அழுதார். கோடு நகர்ந்தது. அடுத்த குடியிருப்பு வாசலுக்கு வாசல் எதிர்ப்புப் பலகை நட்டது. மறுபடி நகர்ந்தது.

டாமரக் சாலைக்காரர்களும் வந்தார்கள். குளிர்கால மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"டாமரக் சாலைக்காரங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கார்டன் கேட்டார்.

"இல்லைங்க, பரவாயில்லை," என்றாள் ஆனிகா. "நீங்க எப்படிப் போட்டாலும் எங்களுக்குச் சரிதான்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் கார்டன். கோடு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. இந்த ஊரில் அழுவதே அநாகரிகம். கூரை பறந்துபோனாலும் "இன்னும் மோசமா ஆகியிருக்கலாம்" என்பார்கள். காபி சாப்பிடுகிறீர்களா என்றால் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது முறை கேட்டால்தான் "சரி, அரைக் கோப்பை." அந்த அரைக் கோப்பைக்காகத்தான் வந்தே இருப்பார்கள்! கார்டன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். காபிக்கு மூன்று முறை கேட்கிற மனிதர் எல்லைக்கோட்டுக்கு ஒரே முறை கேட்டார். குழுவில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

4

இனி ஹோதனின் அம்மா சஹ்ரா வர வேண்டும். இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சோமாலியாவிலிருந்து வந்த, மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்கிற ஒருத்தி, வாய் திறக்காத உள்ளூர்க்காரிக்காகப் பரிந்து பேசுவது என்பது கதாசிரியனுக்கு ரொம்ப வசதியான ஏற்பாடு இல்லையா? அதனால் ஒரு வரைவில் அவளைச் சாதுவாக்கிப் பார்த்தேன். "சஹ்ரா தலைகுனிந்தபடி ஜன்னலோரம் —"

அந்த வாக்கியத்துக்குள் அவள் நிற்கவே மாட்டேன் என்றுவிட்டாள். [அவளுக்குப் பேருந்து நிறுவனத்தில் வழித்தடம் பிரிக்கிற வேலை. ஓட்டுநர்களை அதட்டி அதட்டிப் பழகிய தொண்டை.] சரி தாயே, நீ இருக்கிறபடியே இரு என்று விட்டுவிட்டேன்.

இரவல் வாங்கிய பனிவாரியைத் திருப்பிக் கொடுக்க ஆனிகா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் சஹ்ரா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் ஆனிகா, பரவாயில்லைன்னா சொல்லிட்டு வந்தே?"

"அவங்களும் பாவம். எத்தனை பேரு சத்தம் போடறாங்க. நாமளும் எதுக்கு..."

"நேத்து உன் பொண்ணு எங்க சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, 'என்னை இங்கயே வெச்சுக்கங்க'ன்னு அழுதா. அதுவும் பரவாயில்லையா?"

ஆனிகா துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். "வேற மாதிரி இருந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றாள். [இந்த ஊர்க் கணக்கில் இது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவதற்குச் சமம்.]

சஹ்ரா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அந்தக் குழுவுலதானே இருக்கீங்க? என்ன குழுவோ! எங்க ஊர்ல விருந்தாளி வேண்டாம்னு சொன்னா உடனே தட்டை எடுத்துட்டுப் போயிடுவோமா? இங்கயும் அதே கதைதான். எத்தனை வருஷமா இவ வீட்டுல காபி குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒரு தடவை கேட்டுட்டு ஓடி வந்துட்டீங்களே!"

"சரி, கோட்டை எங்க தள்றது?"

"என் வீட்டுக்குப் பின்னாடி ஓடை இருக்கே, அங்க தள்ளுங்க. எங்க பொண்ணும் புது ஸ்கூலுக்கே போகட்டும். எந்த ஸ்கூலா இருந்தா என்ன? ரெண்டும் ஒண்ணாப் போகணும், அவ்வளவுதான்."

ஆனிகா கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றே கார்டனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அட, ஆமா," என்றார். "என் மச்சினனையே காபிக்கு மூணு தடவை கேட்பேனே. அவனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஒன்று. இங்ரிட் மைக்குக்கு வந்து பேசுகிறாள். கூடமே எழுந்து நிற்கிறது. எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பிறகு கிழித்துப் போட்டேன். அந்தப் பிள்ளை தனக்குத் தோன்றும்போது பேசுவாள். என் கதை முடிய வேண்டும் என்பதற்காக அவளைப் பேச வைக்க நான் யார்?

இன்னொன்று. கோடு நகரவில்லை. இரண்டு பேருந்துகள், இரண்டு ஜன்னல்கள், இரண்டு சின்ன முகங்கள் — இதை எழுதினால் நாலு பேர் மெச்சுவார்கள். எனக்கு மனசு வரவில்லை.

[உங்களிடம் முடிவு ஏதும் உண்டா? உண்மையாகவே கேட்கிறேன். சரி சரி, சிரமப்பட வேண்டாம். கூச்சமாக இருக்கும், எனக்குப் புரிகிறது.]

6

குழுவின் கடைசிக் கூட்டம். ஓடையோரமாகப் பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். டாமரக் சாலைக்காரர்கள் வழக்கம்போலக் கடைசி வரிசையில், மேலங்கியோடு.

"டாமரக் சாலைக்காரங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்லைங்க, பரவாயில்லை," என்றாள் ஆனிகா.

போன முறை கார்டன் இந்த இடத்தில்தான் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இம்முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிஜமாத்தான் கேட்கிறேன். ஏதாவது இருக்கா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்..." குரல் பாதியில் தேய்ந்தது. பக்கத்தில் சஹ்ரா தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் பட்ட பெரும்பாடு அதுவாகத்தான் இருக்கும். இங்ரிட் ஹோதனின் காதில் ஏதோ சொன்னாள். ஹோதன் இந்த முறை அதை உரக்கச் சொல்லவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"ஆனிகா," என்றார் கார்டன், "எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. சொல்லுங்க."

ஆனிகா எழுந்தாள். மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மைக்கை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்து மேலங்கியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். டாமரக் சாலையே வரிசையில் வந்து நின்றது, "நீங்க முன்னாடி போங்க", "இல்லை, நீங்க போங்க" என்று ஒருவரையொருவர் உபசரித்தபடி.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கதையையும் இங்கேயே நிறுத்துகிறேன். குழு பரிந்துரை செய்யலாம், வாக்களிப்பது பள்ளி வாரியம். அந்த வாக்கெடுப்பை நான் எழுதப்போவதில்லை.

இரண்டு முறை உங்களைக் கேட்டாயிற்று. இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். நானும் இந்த ஊரில் ஊறியவன், அதை அப்படியே நம்பிவிடமாட்டேன். இதோ, பென்சிலை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. சொல்லுங்கள், கோடு எந்தப் பக்கமாகப் போகட்டும்?