இடம் அடைக்காத பெயர்

எங்கள் கால்பந்துக் கழகத்தின் மைதானத்துக்கும் எனக்கும் ஒரே பெயர். செந்தூர்பாண்டி. இருவரும் ஒரே நாளில் வந்தவர்கள். ஒருபக்கம் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் கிழக்குக் கேலரியின் அடியில் அம்மா என்னைப் பெற்றுக்கொண்டிருந்தாள். கைவசம் ஒரு பெயர்தான் இருந்தது. பகிர்ந்துகொண்டோம். இதுவரை தகராறு வந்ததில்லை.

சென்ற வாரம் கழகம் அந்தப் பெயரை விற்றுவிட்டது.

வேறு வழியில்லை. எங்களிடம் பந்து இல்லை. இருந்த பந்து கடலுக்குப் போய்விட்டது. இனி வரப்போவதில்லை என்று மீனவர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தது. கொம்பையா மெத்தை நிறுவனம் புதுப் பந்து தர முன்வந்தது. பதிலுக்கு எங்கள் மைதானம் கொம்பையா மெத்தை மைதானம் ஆக வேண்டும்.

கேட்டபோது நிம்மதியாகத்தான் இருந்தது. பந்து இல்லாமல் ஆடினால் நடுவருக்கு என்ன சொல்வதென்று தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் ஆஃப்சைடு கொடுத்துவிடுகிறார்.

ஆட்டத்தன்று காலையில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

"ஏலே தூர்பாண்டி, இட்லி ஆறுது."

"முழுசாச் சொல்லும்மா."

"முழுசாத்தான்லே சொல்லுதேன். வாயில இவ்வளவுதான் வருது."

இரண்டாவது ஈட்டு இட்லி வருவதற்குள் நான் பாண்டி ஆகிவிட்டேன். அதுவும் நிற்கவில்லை. நான் கை கழுவ வாசலுக்குப் போனபோது அம்மா உள்ளிருந்து சத்தமாகக் கூப்பிட்டாள்.

"டி!"

தெருவில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"யாரப் பாத்து டீ போட்டுப் பேசுத?"

"ஒன்ன இல்லக்கா. எம் மவன."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டாள். "பாவம்" என்றாள்.

ஒரே ஓர் எழுத்துதான் மிச்சம். அதுவும் போய்விட்டால் என்னைக் கூப்பிட முடியாது. கூப்பிடாத இடத்துக்கு நான் போவதில்லை. அப்படித்தான் என்னை வளர்த்தார்கள். ஆகவே இனி என் வீட்டுக்குக்கூட என்னால் வர முடியாது.

கழக அலுவலகத்துக்குப் போனேன். அது ஒரே அறை. அன்று நீண்டுபோயிருந்தது. வாசலிலிருந்து மேசைக்குப் போக, நடுவில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

மேசைக்குப் பின்னால் கழகச் செயலாளர் மச்சாது இருந்தார். என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். வந்தது 'டி' மட்டும். மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி, எம்பேரு போவுது."

"மைதானத்துப் பேருலே அது."

"எனக்கும் அதான அண்ணாச்சி?"

"ரெண்டு ஆளு ஒரே பேருல குடியிருந்தா இப்படித்தான். விக்கும்போது ரெண்டு ஆளும் காலி பண்ணணும்."

பக்கத்தில் மெத்தை நிறுவனத்தின் மேலாளர் நின்றிருந்தார். டை கட்டும் இடத்தில் சின்னத் தலையணை ஒன்று கட்டியிருந்தார். இஞ்சு டேப்பால் என் தலைக்கு மேலே காற்றை அளந்தார்.

"பேரு காலியா வேணும் சார்" என்றார். "பழசு உள்ள கெடந்தா புதுசு சரியா உக்காராது."

"எனக்கு வேற பேரு குடுப்பீங்களா?"

"எங்ககிட்ட மெத்தைதான் சார் இருக்கு. ஒத்தையா, ரெட்டையா?"

"கடைசி எழுத்து எப்பப் போவும்?"

"காதுல சொன்னதும் போயிரும்."

அது முறைதான். யாருக்குப் பெயர் வைத்தாலும் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது அத்தை. என் அத்தைதான் மைதானத்துக்கும் அத்தை.

மைதானத்தின் காது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வோர் இடமாகக் குனிந்து "கோல்" என்று முணுமுணுத்துப் பார்த்தோம். வடக்குக் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் புல் சிலிர்த்தது. விலக்கிப் பார்த்தால் காது. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் மணல் போயிருந்தது.

அதற்குள் புதுப் பெயர் வேலையைத் தொடங்கிவிட்டது. தரை மெத்தென்று ஆனது. நடந்தால் கால் உள்ளே போனது. எதிரணி கோல் ஏரியாவில் வரிசையாகப் படுத்துவிட்டது. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி குறட்டை விட்டார். குறட்டைக்குக் குறட்டை ஃபவுல் விழுந்தது.

பேச்சி அத்தை பட்டுச்சேலையில் வந்தாள். பின்னால் மாமா சீனித்தண்ணிச் சொம்புடன் வந்தார். மாமாவை ஊரில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான்.

அத்தை மண்டியிட்டுக் காதில் மூன்று சொட்டு விட்டாள். புல்லைத் தடவிக்கொடுத்தாள்.

"மருமவனே, நல்லாக் கேட்டுக்கோ" என்றாள். பிறகு மேலாளரைப் பார்த்தாள். "என்ன பேருய்யா?"

"கொம்பையா மெத்தை" என்றார் மேலாளர்.

"என்ன?" என்று மாமா திரும்பினார்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டேன்."

"ஏன் அத்த?"

"அது இவுக பேருல்லா."

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவருக்குப் பெயர் இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அவர் சொம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒரு தடவ சொல்லுங்கம்மா" என்றார் மேலாளர். "விளம்பரத்துக்குத்தான்."

"கல்யாணம் ஆனதுலருந்து எவ்வாயில வந்ததில்ல. கோயில்ல அர்ச்சனைக்குக்கூட ஐயரே கண்டுபிடிச்சுக்கிடுவாரு. ஒம்ம பொண்டாட்டி ஒம்ம பேரச் சொல்லுவாளாய்யா?"

மேலாளர் யோசித்தார். தலையணையைத் தளர்த்திக்கொண்டு மறுபடி யோசித்தார்.

"என்னங்க" என்றார் கடைசியில். "அதான் எம்பேரு."

மச்சாது அண்ணாச்சி முழங்கால்வரை புதைந்திருந்தார். "மதினி, சீக்கிரம் எதையாவது சொல்லுங்க. நம்ம பயலுவளும் படுக்கானுவ."

நான் அத்தையின் பக்கத்தில் நின்றேன். கடைசி எழுத்து என் தொண்டைக்குழியில் ஆடிக்கொண்டிருந்தது, விழப்போகிற பல்லைப்போல.

அத்தை குனிந்தாள். வெட்கத்துடன் சொன்னாள்.

"எங்க வீட்டுல உள்ளவுக."

மாமா "ம்" என்றார். தரைக்கு அடியிலும் யாரோ "ம்" என்றார்கள்.

மறுபடி சொன்னாள். மறுபடியும் இரண்டு "ம்". மூன்றாவது முறை மேலாளரும் சேர்ந்து "ம்" என்றுவிட்டார். வீட்டுப் பழக்கம்.

காதில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. மேலாளர் வியர்த்துப்போய் முதலாளிக்குப் போன் போட்டார். அவர்தான் நிறுவனத்தின் கொம்பையா. மேலாளர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் முதலாளி தன் மனைவியிடம் "ஏட்டி, எம்பேரு என்ன?" என்று கேட்பது எங்களுக்கும் கேட்டது. பதிலும் கேட்டது.

மேலாளர் போனை வைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானாம். போர்டுல அதையே எழுதச் சொல்லிட்டாரு. பந்து உங்களுக்குத்தான்."

"அப்ப எம்பேரு?" என்றேன்.

அவர் இஞ்சு டேப்பை எடுத்தார். மைதானத்தை அளந்தார். என்னை அளந்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது இடம் அடைக்காத பேரு சார். ஏற்கெனவே எல்லா வீட்டுலயும் இருக்கு. பழசக் காலி பண்ண வேண்டாம். மைதானம் விட்டுட்டுப் போன பங்கையும் நீங்களே வச்சுக்கிடுங்க."

என் தொண்டையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கடைசியாக வந்தது 'ந்'. அது எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

தரை இறுகியது. மச்சாது அண்ணாச்சி வெளியே வந்து செருப்பைத் தேடினார். எதிரணி எழுந்து முகம் கழுவியது. ஆட்டம் தொடங்கியது. கேலரி "எங்க வீட்டுல உள்ளவுக" என்று கத்திக் கைதட்டியது. பெண்கள் பக்கம் கொஞ்சம் அடக்கித்தான் கத்தினார்கள்.

நான் இடது பின்களத்தில் ஆடுகிறவன். இரண்டாம் பாதியில் பந்து என்னை நோக்கி உருண்டு வந்தது. புதுப் பந்து. பளபளவென்று இருந்தது. பின்னாலிருந்து எங்கள் கோல்கீப்பர் ராயன் கத்தினான்.

"ஏலே செந்தூர்பாண்டி! வெளிய அடிலே!"

பெயரை முழுவதும் கேட்டுவிடலாம் என்று நின்றேன். கேட்டேன். பந்து என் கால்களுக்கு நடுவே போய் வலையில் ஏறியது.

 கேலரி மொத்தமாக எழுந்தது.

"செந்தூர்பாண்டி, கண்ணு பொடதியிலயாலே இருக்கு?"

"செந்தூர்பாண்டிக்கு எவம்லே பூட்ஸ் மாட்டிவிட்டது?"

எல்லோரையும்விடச் சத்தமாகக் கிழக்குப் பக்கத்திலிருந்து அம்மா கத்தினாள்.

"செந்தூர்பாண்டி! நீ வீட்டுக்கு வாலே, ஒனக்கு இருக்கு!"

நான் அம்மாவுக்குக் கை காட்டினேன். அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.