மெர்வ் எடுத்த பதினான்கு படங்கள்

நாற்பது வருடமாகக் கடலில் படகு ஓட்டுகிற மெர்வ் ஹாலிகனுக்கு ஹெலிகாப்டரில் ஏறக் கால் வரவில்லை. "நீச்சல் தெரியாதவன் தண்ணிய பாக்கற மாதிரி நிக்கிறியே பெருசு, ஏறு" என்றான் பைலட் லாக்லன். அதற்கு முன்பே எடை பார்க்கும் மேடையில் நிறுத்தி, நூற்றுப் பதினெட்டு கிலோ என்று ஊருக்கே கேட்கும்படி வாசித்திருந்தார்கள். அந்தக் கடுப்பு வேறு.

"நான் ஒண்ணும் வேடிக்க பாக்க வரல தம்பி. எனக்கு வேல இருக்கு" என்று கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

என்ன வேலை? டானிகாவைத் தொலைத்துக்கட்டும் வேலைதான். மூன்று வருடத்துக்கு முன்னால் தெற்கேயிருந்து ஒரு படகோடு வந்து இறங்கியவள் அவள். வந்தவள் சும்மா இருந்தாளா? மெர்வும் அவருக்கு முன்னால் அவர் அப்பாவும் பயணிகளை அழைத்துப்போன அதே ஹார்னர் பவளத்திட்டுக்கு அவளும் ஆள் ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்தாள். போன மாதம் துறைமுகத்து மதுக்கடையில் யாரோ, ஹார்னரில் எவனோ நங்கூரம் போட்டுப் பவளத்தை நொறுக்கியிருக்கிறான் என்றார்கள். மெர்வ் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வேறு யார், அவள்தான்! மறுநாளே புகார் எழுதிப்போட்டார்.

மெர்வ் மேல் யார் விரல் நீட்ட முடியும்? துறைமுகக் கம்பமும் மலை இடுக்கும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில் ஒரு மணல் பள்ளம் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து அவர்கள் நங்கூரம் விழுவது அதில் மட்டும்தான். "ஒரு பவளத்த நான் தொட்டதில்ல" என்று மதுக்கடை மேசையைத் தட்டிச் சொல்வார். இன்று மூன்று மணிக்கு விசாரணை. படம் இருந்தால் அவளுடைய படகு அனுமதி அன்றே ரத்து என்று பவளத்திட்டைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் படகை மனைவி ஷெரிலிடம் கொடுத்துவிட்டு மெர்வ் வானத்துக்குக் கிளம்பினார்.

ஹெலிகாப்டர் எழும்பியது. கரை நழுவியது. பிறகு குனிந்து பார்த்தார்.

"அடேங்கப்பா!"

காது ஜவ்வு கிழிந்ததிலிருந்து இருபது வருடமாக அவர் தண்ணீருக்குள் தலையை விட்டதில்லை. படகிலிருந்து பார்த்தால் ஹார்னர் ஒரு பழுப்புக் கறை, அவ்வளவுதான். மேலேயிருந்து பார்த்தால் பச்சை, ஊதா, மஞ்சள், இடையில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். இத்தனை காலம் இதன் மேலேயா பிழைத்தோம் என்று இன்னும் குனிந்து பார்த்தார்.

"அதோ! பாருடா அதோ!"

திட்டின் நடுவே வட்டமாக ஒரு வெளுப்பு. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி அத்தனை சுத்தமான வட்டம். உள்ளே பழைய சாம்பல் நிறம், வெளி விளிம்பில் அகலமாக ஒரு புது வெள்ளை. வட்டத்துக்குள் நீலக் கூரையோடு ஒரு படகு.

"மாட்டிக்கிட்டாடா! பாவி, எத்தன பவளத்த அரைச்சிருக்கா பாரு! இவளுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?" கேமரா கடகடவென்று அடித்தது. பதினான்கு படங்கள்.

லாக்லன் ஒரு சுற்றுச் சுற்றினான். "அந்தப் பொண்ணு படகு அதோ அந்தப் பக்கம்ல நிக்குது, மஞ்ச மிதவையில கட்டி? அவ நங்கூரமே போடலயே."

"அப்ப இவன் எவன்? கேளு, ரேடியோவுல கேளு!"

"நீலக் கூரை படகு, யாருங்க அது?" என்று கேட்டான் லாக்லன்.

கரகரப்புக்கு நடுவில் பதில் வந்தது. "ஷெரில் பேசறேன். மேல இருக்கறது எங்க வீட்டுக்காரரா? வாந்தி எடுத்துட்டாரா?"

மெர்வ் கேமராவை இறக்கினார். சொந்தப் படகின் கூரையை அவர் மேலிருந்து பார்த்ததே இல்லை.

"நீ சொன்ன எடத்துலதான் போட்டிருக்கேன் மெர்வ்" என்றாள் ஷெரில். "கம்பமும் மல இடுக்கும் அப்படியே நேரா இருக்கு. நம்ம மணல் பள்ளமேதான்."

காற்று லேசாகத் திரும்பியது. படகு செக்கு மாடுபோல மெல்ல நகர்ந்தது. அதன் முன்னால் தண்ணீருக்கு அடியில் ஒரு வெள்ளைப் புகை கிளம்பிக் கோடாக இழுபட்டது. தரையைத் தேய்த்துக்கொண்டு போவது நங்கூரத்தின் சங்கிலி. ஐந்து வருடத்துக்கு முன்னால் பெரிய படகு வாங்கியபோது அவர்தான் சங்கிலியில் இருபது மீட்டர் சேர்த்தார். விளிம்பில் தெரிகிற புது வெள்ளையும் ஏறக்குறைய அதே அகலம். அந்த இடத்தில் முதலிலிருந்து மணல் இருக்கவில்லை. அப்பா அரைத்த மணல். மிச்சத்தை அரைத்தது இவர். ஐயோ, தினம் தினம், பெருமையாக, கோடு தப்பாமல்!

"இன்னும் கொஞ்சம் சங்கிலி விடட்டுமா?" என்றாள் ஷெரில்.

"வேண்டாம்! விடாத!" அவர் போட்ட சத்தத்தில் லாக்லனே திடுக்கிட்டான். "மெதுவா நங்கூரத்துக்கு நேர் மேல வந்து நேரா தூக்கு. இழுத்துடாத தாயே, இழுத்துடாத."

"தூக்கிட்டு எங்க கட்ட? இங்க இருக்கறதே ஒரே மிதவ, அதுல அவ நிக்கறா."

சுற்றுவட்டாரத்துப் படகுகள் அத்தனையும் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசை அது. மெர்வ் பொத்தானை அழுத்தினார்.

"டானிகா, மெர்வ் பேசறேன். உன் மிதவையில எங்க படகையும் கட்டிக்கலாமா?"

"கட்டிக்கச் சொல்லுங்க. எடம் இருக்கு" என்றது டானிகாவின் குரல், சற்றுத் தயங்கி. "வட்டத்தப் பாத்தீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"மூணு வருஷமா அத சுத்தித்தான் நீந்தறேன். உங்க மேல சொன்னா இந்த ஊர்ல யாரு நம்புவா? அதோட, உங்களுக்குத் தெரிஞ்சுதான் போடறீங்கன்னு நெனச்சேன்."

அந்தக் கடைசி வார்த்தை மெர்வை அறைந்தது. தெரிந்து செய்கிறவன் என்றே மூன்று வருடமாக ஒருத்தி தன்னைப் பார்த்திருக்கிறாள்.

லாக்லன் முகத்தைத் திருப்பாமலே கேட்டான். "இன்னொரு சுத்து போகவா?"

"கரைக்குப் போ தம்பி. மூணு மணிக்கு அங்க இருக்கணும்." மெர்வ் கேமராவில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "எல்லாம் தெளிவா விழுந்திருக்கு. புகார்ல பேரு மட்டும்தான் தப்பு."