கழற்றி மாட்டுகிற மேல்தளம்

தேனி பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஜோஷ்வா, சுருளி அருவிக்குப் போனாலும் ஓரமாக நின்று காலை மட்டும் நனைத்துவிட்டு வருகிற ஆள். அப்பேர்ப்பட்டவருக்குப் படகு விடும் ஆசை வந்ததுதான் வேடிக்கை. ஆலப்புழைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், காயலில் சுற்றுலாப் படகுகள் நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து வேறு பேச்சே இல்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் படகு, சர்ச் வாசலிலும் படகு.

வாங்குவானேன், நாமே செய்துவிடலாம் என்று தூபம் போட்டவர் மச்சான் தங்கபாண்டி. அவருக்குத் தேனியில் லாரிக்கும் ஜீப்புக்கும் பாடி கட்டுகிற பட்டறை. வரைபடத்தைக் கொச்சியில் ஓர் இன்ஜினியர் போட்டுக் கொடுத்தார். மச்சான் இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, சும்மா சொல்லக்கூடாது, அருமையாகத்தான் செய்திருந்தார். டிரெய்லரில் ஏற்றிக் கேரளாவுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒழுகுகிறதா என்று பார்க்க, ஜெயமங்கலம் பக்கத்துக் கண்மாயில் அதை இறக்கினார்கள்.

ஜோஷ்வாவின் மகள் மகிமா கொச்சியில் கப்பல் சர்வேயர். கப்பல் கடலுக்குப் போகத் தகுதியா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. லீவில் வந்தவளை அப்பா பெருமையோடு கண்மாய்க்கு அழைத்துவந்தார். அம்மா ஜெபராணியும் புளியோதரையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

படகைப் பார்த்ததும் மகிமாவின் முகம் மாறிவிட்டது. கூரைக்கு மேலே இன்னொரு தளம் நின்றது. கைப்பிடி, பெஞ்சு, ஏணி எல்லாம் பக்காவாக இருந்தன. ஆனால் அந்தத் தளம் மட்டும் பற்றவைக்கப்படாமல் போல்ட்டில் நின்றது.

"மாமா, வரைபடத்துல மேல்தளமே கெடையாதே?"

"அது சர்வே முடிஞ்சப்பறம் மாட்டிக்கிறதுக்கு ஆத்தா," என்றார் தங்கபாண்டி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ஜீப்ப எப்.சி.க்குக் கொண்டுபோறப்ப மேல் கேரியரக் கழட்டி வச்சுட்டுப் போவோம்ல? சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்து மாட்டிருவோம். அதே கணக்குத்தான்."

பொய் சொல்லும் மனுஷன் இல்லை அவர். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு எதைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்லும். மலையேறிப் பழகிய ஊர், தண்ணீரையும் ஒரு ரோடு என்று நினைத்துவிட்டது.

"அப்பா, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? சோதிக்க வாரது உங்கூடப் படிச்ச விஜயகுமாருதான? நீ ஒரு வார்த்த சொன்னா ரொம்ப நோண்ட மாட்டாரு."

"சொல்லத்தான் போறேன்பா. மேல ஒரு தளம் கழட்டி வச்சிருக்குன்னு சொல்லிருவேன்."

ஜோஷ்வா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் குரல் ஏறிவிட்டது. "பெத்த அப்பன் மேலயே பெட்டிசன் போடுவியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பொம்பளைப் பிள்ளைக்குக் கப்பல் படிப்பா என்று சொந்தபந்தம் முழுக்க முகம் சுளித்தபோது, ஒற்றை ஆளாக நின்று படிக்க அனுப்பியவர் இவர்தான். அந்த அப்பாவைத் தலைகுனிய வைப்பதை நினைத்தாலே அழுகை முட்டியது. ஆனாலும் அவள் இறங்கிவரவில்லை.

"உள்நாட்டுப் படகுக்குன்னு சட்டம் இருக்குப்பா. எத்தன பேரு ஏறலாம்னு கணக்குப் பாத்துத்தான் பதிவு பண்ணுவாக. அதுக்கப்பறம் ஒண்ண மாத்தினாலும் சொல்லணும், திரும்பச் சோதிக்கணும். ரோட்டுல ஜீப்பு நாலு சக்கரத்துல நிக்குது. இது எதுல நிக்குது?"

"ஒழுகல, மொதக்குதுல்ல?"

பேசிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரையை அடைக்கப் போட்டு மிஞ்சிய மணல் மூட்டைகள் அங்கே கிடந்தன. பட்டறை ஆட்களை விட்டு அவற்றை மேல்தளத்தில் பரப்பினாள். படகு லேசாகத் தாழ்ந்ததே தவிர நேராகத்தான் நின்றது. ஜோஷ்வா மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் அவள் மூட்டைகளை ஒவ்வொன்றாக இடதுபக்கம் நகர்த்தச் சொன்னாள். பாதிகூட நகரவில்லை, படகு ஒருக்களித்துச் சாய்ந்து கீழ்த்தளத்து விளிம்பு தண்ணீரைத் தொட்டது. ஆட்கள் அலறியடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். தங்கபாண்டிக்கு முகம் வெளிறிப்போயிற்று.

ஜோஷ்வா மட்டும் மசியவில்லை. மூட்டைகளை இறக்கிப் படகு நிமிர்ந்ததும், "மூட்டைக்கு அறிவு கெடையாது. மனுசன் அம்புட்டுப் பேரும் ஒரே பக்கம் போவானா?" என்றார்.

"சூரியன் மறையிறப்பப் போவாகப்பா. செல்போனத் தூக்கிட்டு எல்லாரும் அந்தப் பக்கம்தான் நிப்பாக."

"ஒண்ணும் ஆகாது. நாஞ் சொல்றேன்."

"அப்ப அம்மாவ மேல ஏறச் சொல்லுங்க. ஆளுகளயும் கூட ஏறச் சொல்லுங்க. நான் கரையில நின்னு கூப்புட்றேன், எல்லாரும் இந்தப் பக்கம் வரட்டும்."

அதுவரை புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த ஜெபராணி எழுந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகை வழியாகப் படகுக்குள் போனாள். போகும்போது புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏணியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவது படியிலும் வைத்தாள்.

"ஜெபா, எறங்கு!"

கத்தியது ஜோஷ்வாதான். கண்மாய்க்கரை முழுக்கக் கேட்டது. கத்திய பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது.

மகிமா அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"டிக்கெட் எடுத்து ஏறுறவுகள யாருப்பா எறங்கச் சொல்லுவா?"

ஜோஷ்வா கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜெபராணி இறங்கி வந்து அவர் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. மேல்தளத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மச்சானைக் கூப்பிட்டார்.

"மச்சான், கட்டிங் மெசின எடுங்க."

"எதுக்கு மாப்ள? ஸ்பேனர் போட்டுக் கழட்டினாப் போதுமே?"

"கழட்டி வச்சா நான் திரும்ப மாட்டிருவேன்," என்றார் ஜோஷ்வா. "அறுத்துருங்க."