உள்ளிருந்து போடும் கொண்டி

ஒரு வீட்டைப் படத்தில் பார்த்தாலே போதும், அதன் வண்டவாளம் முழுக்க உலகம்மைக்குத் தெரிந்துவிடும். இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவளேதான் சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்ள அவளுக்கு உரிமையும் உண்டு. மராமத்து இலாகாவில் முப்பத்துமூன்று வருஷம் கட்டட வரைபடம் வரைந்தவள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "டிராஃப்ட்ஸ்மேன், கிரேடு ஒண்ணாக்கும்" என்பாள். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது கூட இருந்தவர்கள் லீவு போட்டுப் பதுங்கினார்கள். இவள் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ரிட்டயர் ஆக இரண்டே வருஷம்தான் பாக்கி.

அந்த உலகம்மை 2006ஆம் வருஷம் கரமனையில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் வீடு தேடிக்கொண்டிருந்தாள். வயதானவர்களுக்கென்றே கட்டி விற்கும் வீடு. சமையலுக்கு ஆள் உண்டு, மணியடித்தால் நர்ஸ் வருவாள், சாயங்காலம் பஜனையும் நடக்கும். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் வினீத்துதான் ஆரம்பித்து வைத்தான். "நீங்க ரெண்டு பேரும் தனியா கிடந்தா எனக்கு அங்க உறக்கம் வரல்ல அம்மா. நான் லீவுல வரும்போ ஒண்ணு வாங்கிடலாம். நீங்க பாத்து வைங்க" என்று போனில் சொன்னான். பார்த்து வை என்று உலகம்மையிடம் சொன்னால் விடுவாளா?

அவள் புருஷன் ஆறுமுகநயினார் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக அவர் தம்பானூர் ஸ்டேஷனில் நடந்து வந்தால் போர்ட்டர்கள் தானாகவே ஒதுங்குவார்கள். அவர் குரல் இன்ஜின் வரைக்கும் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதியில் அவருடைய வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து சக்கர நாற்காலிதான். கை இரண்டும் நல்ல பலம், நாற்காலியை அவரே உருட்டிக்கொள்வார். வலி என்று ஒரு நாள் வாய் திறந்ததில்லை.

ஆனால் குளிக்கவும் மற்றதுக்கும் குளிமுறி என்று ஒன்று இருக்கிறதே! கரமனை வீட்டில் அதன் வாசல் குறுகல். நாற்காலி பாதிதான் உள்ளே போகும். மிச்சத்துக்கு உலகம்மை தோள் கொடுத்துத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். வாசலில் நாற்காலி அடைத்துக்கொண்டு நிற்கும்போது கதவை எங்கே சாத்துவது? பழைய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தாள். யாராவது வந்துவிட்டால் உள்ளே நடப்பது வெளியே கேட்காமலிருக்க ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை அவளுக்குத் தாங்காது.

வீடு வாங்கும் பேச்சு வந்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இஞ்ச பாரு உலகு. தோட்டம் இருக்கா, பஜனை இருக்கா, அதெல்லாம் எனக்கு வேண்டாம். நான் தனியா உள்ள போகணும். நானே கொண்டி போடணும். அம்புட்டுதான்."

கதவின் தாழ்ப்பாளைத்தான் அவர் கொண்டி என்பார்.

"போட வைக்கேன்" என்றாள் உலகம்மை. அன்றே அவருடைய நாற்காலியை டேப்பால் அளந்தாள். இருபத்தைந்தரை அங்குலம். சக்கரத்தைத் தள்ளுகிற கை கதவு நிலையில் உரசாமல் போக இரண்டரை சேர்த்தாள். ஆக, வாசல் இருபத்தெட்டு அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

மொத்தம் பதினொரு இடத்தை எடுத்துக்கொண்டாள். அந்தக் காலத்து இன்டர்நெட்டில் படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் ஆகாயம் வரும், பிறகு தென்னை மரம், அதற்கும் பிறகு பல் முழுக்கத் தெரியச் சிரிக்கும் வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் வருவார்கள். வீடு எங்கேடா என்று தேட வேண்டும். பிளான் போட்டிருந்த இடங்களிலும் அளவு போட்டிருக்கவில்லை. "அளவு போடாத பிளானும் ஒரு பிளானா? எங்க ஆபீஸ்ல இத மேல அனுப்பியிருந்தா மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பாவ!" என்று திட்டிக்கொண்டே அடுத்ததைத் திறப்பாள். போன் பண்ணிக் கேட்டாலும் எல்லோரும் ஒரே பாட்டு. 'வீல்சேர் ஃப்ரெண்ட்லி' வீடுதானாம்.

"ஃப்ரெண்டா இருந்தா போருமா? உள்ள போகாண்டாமா?" என்று கேட்டு வைத்துவிடுவாள்.

கடைசியில் தன் வழியிலேயே இறங்கினாள். படத்தில் குளிமுறி வாசலுக்கு முன்னால் தரை தெரியும் அல்லவா, அங்கே பதித்திருக்கும் டைல்ஸ் ஓடுகளை எண்ணினாள். வாசல் அகலத்துக்கு எத்தனை ஓடு என்று தெரிந்தால் அளவு கையில் வந்துவிடும். படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடித் தாளை ஸ்கிரீனில் ஒட்டி, கோடு இழுத்து எண்ணினாள். பெரிய சார்ட் தாளில் பதினொரு வீட்டுக்கும் கட்டம் போட்டாள். வாசல், படி, சரிவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று எல்லாம் அதில் இருந்தது. மூலையில், ஆபீஸ் வழக்கப்படி, வரைந்தவர் என்று தன் கையெழுத்தையும் போட்டாள். ஆபீசில் என்ஜினியர் கையெழுத்துத்தான் பெரிதாக இருக்கும், இவளுடையது ஒரு ஓரத்தில் கிடக்கும். இங்கே இவள் கையெழுத்து மட்டும்தான்.

அந்தச் சார்ட்டில் 'ஈவ்னிங் க்ரெஸ்ட்' முதலிடம் பிடித்தது. ஸ்ரீகாரியம் பக்கம், பளபளவென்று இருந்தது. குளிமுறி வாசல் மூன்று ஓடு அகலம், அதாவது மூன்றடி. 'கூட்டு நிவாஸ்' என்று நேமம் பக்கம் இன்னொன்று. அதற்கு இணையத்தில் இருந்ததே நாலு படம்தான். குளிமுறிப் படத்தில் வாசலுக்கு முன்னால் யாரோ ஒருவருடைய ரப்பர் செருப்பு கிடந்தது. செருப்பை ஒதுக்கிவிட்டுப் படம் எடுக்கத் தெரியாதவன் வீடு கட்டி என்ன கிழித்திருப்பான்! வாசல் இரண்டே ஓடு அகலம். இரண்டடியில் நாற்காலி போகாது. போன் பண்ணினால் ஒரு கிழவர் எடுத்து, "வந்து கண்டோளு" என்று மலையாளத்தில் வந்து பார்க்கச் சொல்லி வைத்துவிட்டார். சிவப்புப் பென்சிலால் அதை ஒரே அடியாக அடித்தாள்.

வினீத் லீவில் வந்தான். சார்ட்டை விரித்துப் பார்த்து, "அம்மா, இது கொள்ளாமே! எங்க கம்பெனியில கூட இத்தற வெடிப்பா செய்யமாட்டாங்க" என்று மெச்சினான். ஆறுமுகநயினார் சார்ட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். "நம்ம வீட்டுக்காரி போட்டதாக்கும்." உலகம்மை உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டாள். மனசுக்குள் பெருமை பொங்கியது, ஏன் மறைக்க வேண்டும்?

வினீத்துக்கு லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, டாக்சி பிடித்து மூன்று பேரும் ஈவ்னிங் க்ரெஸ்டுக்குப் போனார்கள். அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. மேனேஜர் சஜி டை கட்டியிருந்தான். இளநீர் கொடுத்தான், கிளப் ஹவுஸ் காட்டினான், நூலகம் காட்டினான். உலகம்மை எதையும் பார்க்கவில்லை. நேரே குளிமுறிக்குப் போனாள். பையிலிருந்து இலாகா காலத்து ஸ்டீல் டேப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

இருபத்துநாலு அங்குலம்.

மறுபடியும் வைத்தாள். அதே இருபத்துநாலு. கீழே பார்த்தாள். மூன்று ஓடுதான், அவள் எண்ணியதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு ஓடும் எட்டு அங்குலம்.

அவள் முகம் வெளிறிவிட்டது. முப்பத்துமூன்று வருஷமாக அவள் வரைந்த சர்க்கார் கட்டடங்களில் தரைக்கட்டம் என்றால் ஓரடிதான். கை அப்படியே பழகிப்போயிருந்தது. ஓட்டுக்கு வேறு அளவும் இருக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தாளா? கதவு முழுசாகப் படத்தில் விழுந்திருந்தால் உயரத்தை வைத்துப் பிடித்திருப்பாள். அதுவும் இல்லை. இத்தனை ஜம்பமும் ஒரு எட்டங்குல ஓட்டின் மேலே நின்றிருக்கிறது!

"ஒண்ணும் பேடிக்கண்டா ஆன்ட்டி" என்று சஜி பயம் வேண்டாமெனத் தேற்றினான். "இவிடே அட்டெண்டர் உண்டு. எப்ப விளிச்சாலும் வந்து அங்கிளை எடுத்து இருத்தும்."

"அது போரும் அம்மா" என்றான் வினீத். "ஆள் உண்டல்லோ. மத்ததெல்லாம் எத்தற நல்லா இருக்கு. இனி எங்க போய்த் தேட? நாளை கழிஞ்சா நான் போகணும்."

உலகம்மை திரும்பிப் பார்த்தாள். ஆறுமுகநயினார் அந்தப் புது வீட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையைக் கண்டதும் அவளுக்கு ஒரு ஆவேசமே வந்தது. அழுது என்ன ஆகப்போகிறது? தப்பு தன்னுடையது, திருத்த வேண்டியவளும் தானே.

"சஜி, இந்த ஓடு வேற என்னென்ன அளவுல வரும்?"

"எட்டு, பன்னெண்டு, பதினாறு, இருபத்துநாலு... எல்லாம் உண்டு ஆன்ட்டி."

அங்கேயே, அந்தக் குளிமுறி வாசலிலேயே நின்று கண்ணை மூடினாள். பதினொரு படமும் அவளுக்கு மனப்பாடம். எந்தப் படத்தில் தரைக்குப் பக்கத்தில் அளவு தெரிந்த சாமான் ஏதாவது கிடந்தது? எல்லாவற்றையும்தான் துடைத்துப் பளபளப்பாக்கி எடுத்திருந்தார்களே! ஒன்றில் மட்டும் இருந்தது. ரப்பர் செருப்பு. ஆம்பிளைச் செருப்பு, பத்தரை அங்குலத்துக்குக் குறையாது. அது ஒரு ஓட்டில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது, ஆனால் முக்கால் பாகத்தை எட்டவில்லை. அப்படியானால் ஓடு பன்னிரண்டு அங்குலம் இல்லை, பதினாறு. இரண்டு ஓடு என்றால்...

"வினீத், வண்டிய எடுக்கச் சொல்லு. நேமம் போணும்."

"நேமத்துக்கா? அது நீங்க வெட்டின இடமல்லே?"

"வெட்டினது நானாக்கும். வெட்டினது தப்பு. கணக்குப் போட்டது நான்தானே, தப்புன்னு நானே சொல்லுகேன். எடு."

ஸ்ரீகாரியத்திலிருந்து நேமத்துக்கு ஊரை முழுக்கத் தாண்ட வேண்டும். தம்பானூர் நெரிசலில் கால் மணி நேரம் நின்றார்கள். கரமனை வந்ததும் வினீத், "வீட்ல இறங்கிடலாம் அம்மா. அப்பாக்கு க்ஷீணமா இருக்கும். ஒரு செருப்பை நம்பி..." என்று இழுத்தான்.

உலகம்மைக்குமே உள்ளுக்குள் உதறல்தான். இரண்டாவது தடவையும் தப்பினால் இந்த மனுஷனை எந்த முகத்தோடு பார்ப்பது?

முன் சீட்டிலிருந்து குரல் வந்தது. அந்தப் பழைய கார்டு குரல்.

"வண்டி நிக்காண்டாம். அவ சிக்னல் தந்தாச்சு. போட்டும்."

கூட்டு நிவாஸ் சும்மா சாதாரண இடம். மாமரத்தடியில் ஓடு வேய்ந்த பதினாறு வீடுகள். பனியன் போட்ட எழுபது வயசுக்காரர் ஒருவர் வந்தார். பெயர் தங்கப்பன், கட்டடக் கான்ட்ராக்டராக இருந்தவர், சிநேகிதர்களோடு சேர்ந்து இதைக் கட்டியவர். உலகம்மை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. அதேதான்!

"உங்க போட்டோல கிடந்தது இந்தச் செருப்புதானே?"

"அய்யோ, அது படத்தில் வந்நோ?" என்று தங்கப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வந்தது நல்லதாப் போச்சு. குளிமுறியக் காட்டுங்க."

வாசலில் டேப்பை வைத்தாள். முப்பத்திரண்டு அங்குலம். இன்னொரு தடவை வைத்தாள். முப்பத்திரண்டேதான்! "முப்பத்திரண்டு!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன.

"வயசாகும்னு அறிஞ்சே கட்டினதல்லே?" என்றார் தங்கப்பன், இதிலென்ன அதிசயம் என்பதுபோல.

ஆறுமுகநயினார் அவரிடம் மனைவியைக் காட்டினார். "உங்க செருப்ப வச்சு வாசல அளந்துட்டா. ஸ்ரீகாரியத்துல நின்னுக்கிட்டே அளந்தா. நம்ம வீட்டுக்காரியாக்கும்." அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வினீத் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஒண்ணு நோக்கிட்டு வாறேன்" என்று ஆறுமுகநயினார் சக்கரத்தை உருட்டினார். உலகம்மை பழக்கத்தில் பின்னாலேயே ஓடி முதுகில் கை வைத்தாள். "விடு" என்றார். விட்டாள். நாற்காலி எங்கும் உரசாமல் உள்ளே போனது. உள்ளேயே அரை வட்டம் அடித்துத் திரும்பியது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

டக்கென்று கொண்டி விழுந்தது.

உலகம்மையின் கை ரேடியோவைத் தேடிப் பக்கத்தில் துழாவியது. அங்கே ரேடியோ இல்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உலகு!" உள்ளேயிருந்து குரல் மாமரம் வரைக்கும் கேட்டது. "அங்கயே நிக்கியா? எனக்குத் தெரியும், நீ நிப்பே. போடி அங்கிட்டு! யாரும் வெளிய காவல் நிக்காண்டாம்!"

"போறேன், போறேன்" என்றாள் உலகம்மை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் உள்ளே இருக்கும்போதே குளிமுறி வாசலை விட்டு நடந்தாள்.