செப்புக் குழாயில் ஐஸ்

வசந்தமலருடைய கிணற்றடிக்கும் தங்கை சுதர்ஷினியின் புது வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகர வேலிதான். அந்த வேலிக்கு மேலால் சுதர்ஷினி வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வேறு சுவரில் பூட்டியிருக்கலாம். வீட்டுக்கு நான்கு பக்கமும் சுவர் இருக்கிறதுதானே. ஆனால் பூட்டியது இந்தச் சுவரில். குளிர் அந்தப் பக்கம், வெக்கை இந்தப் பக்கம். வசந்தமலர் கொடியில் போடுகிற உடுப்பெல்லாம் அரை மணித்தியாலத்தில் காய்ந்து மொறுமொறுத்தது. வேறொருத்தி என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவளுக்கு வயிறு எரிந்தது.

பொறாமை என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். ஊரா வந்து பன்னிரண்டு வருஷம் அப்பாவைப் பார்த்தது?

அப்பா இரத்தினம் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் செய்தவர். மனைவி போனபிறகு வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, மன்னார்த் தீவிலிருந்த மூத்த மகளிடம் வந்து சேர்ந்தார். வசந்தமலருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவன் ரவிசந்திரன் மீன் லொறியோடு கொழும்புக்கும் மன்னாருக்குமாக அலைகிறவன். வீட்டில் தங்குவது கிழமைக்கு இரண்டு நாள். ஆகவே அவளுக்கு வீடு என்றால் அப்பாதான். விடிய எழும்பி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, மாத்திரை எடுத்து வைத்து, மத்தியானச் சோற்றையும் மூடிவைத்துவிட்டு நண்டுக் கொம்பனிக்கு வேலைக்கு ஓடுவாள். பின்னேரம் வந்து அவரோடு இருந்து கதைப்பாள். அப்போதெல்லாம் சுதர்ஷினி புருஷனோடு கட்டாரில் இருந்தாள். கிழமைக்கு ஒருக்கா போனில் "அப்பா சாப்பிட்டியளோ" என்று கேட்பாள். கேட்பதற்குக் காசா பணமா.

போன வருஷம் அவர்கள் ஊரோடு வந்து வீடு கட்டினார்கள். அதுவரையும் பரவாயில்லை. இந்தப் பங்குனி வெயிலில் அப்பா வசந்தமலரின் தகரச் சீற் கூரைக்குக் கீழே மயங்கி விழுந்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டது, இந்த வயதுக்கு இந்தச் சூடு கூடாது, குளிர்ந்த இடத்தில் வையுங்கள் என்று டொக்டர் சொன்னார். ஒரு கிழமைக்குள் சுதர்ஷினி ஏசி வாங்கிப் பூட்டி, அப்பாவையும் அவருடைய தலையணையையும் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது, "இது உங்கட வீட்டுக் குறையில்லை அக்கா" என்றாள். அந்த நிமிஷம்வரை அது வீட்டுக் குறை என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிலிருந்து வசந்தமலருக்கு மிஞ்சியது மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். அவள் வைக்கிற மீன் குழம்பும் சொதியும் இல்லாமல் அப்பாவுக்குச் சோறு இறங்காது. விடியவே சமைத்து சட்டியில் கொண்டுபோய் அந்த அறை வாசலில் நின்று நீட்டுவாள். "உள்ளுக்கு வாங்கோ அக்கா, கொஞ்சம் குளிரா இருங்கோ" என்று தங்கை கூப்பிடுவாள். தனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித் திரும்பிவிடுவாள். நண்டுக் கொம்பனியின் குளிர் அறைக்குள் பத்து வருஷமாகப் பாதிப் பொழுதைக் கழிக்கிறவள் சொல்கிற பேச்சா இது? சொன்னாள். அந்த அறைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்கவில்லை.

இவ்வளவும் போதாது என்று, சுதர்ஷினியின் கணவன் சுபாஸ்கரன் அந்த வெளிப்பெட்டியில் பச்சைமிளகாயும் தேசிக்காயும் கோத்துக் கட்டினான். கண்ணூறு படாமல் இருக்கவாம். பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிற பக்கத்தில் வசந்தமலரின் கிணற்றடியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

சித்திரை வருஷப்பிறப்புக் கழிந்து நாலாம் நாள், தண்ணீர் அள்ளும்போது அவள் அதைக் கண்டாள். வெளிப்பெட்டியின் பக்கத்தில் இறங்குகிற இரண்டு செப்புக் குழாய்களில் மெல்லிய குழாயின் மூட்டில் வெள்ளையாக ஐஸ் பிடித்திருந்தது. அடுத்தநாள் அது ஒரு சாண் நீளத்துக்கு ஏறியிருந்தது.

ஐஸ் என்றால் இந்தக் கரையில் நல்ல சாமான். ஐஸ் இருந்தால் மீனுக்கு விலை, இல்லாவிட்டால் மீன் குப்பைக்கு. ஆகவே ஒழுங்கையில் கண்டவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். உள்ளே குளிர் நிரம்பி வழிந்து வெளியிலும் ஐஸ் கட்டுகிறது என்றால் இது அசல் சாமான்தான் என்றார்கள். சுபாஸ்கரனும் வருகிறவர் போகிறவரை எல்லாம் கூட்டிவந்து, புதுக் கன்றுக்குட்டியைக் காட்டுகிற மாதிரி அந்தக் குழாயைக் காட்டினான்.

வசந்தமலருக்குத் தெரியும். கொம்பனியில் கணக்கெழுதுகிற கந்தோர் ஏசியிலும் போன வருஷம் இதே மாதிரி ஐஸ் பிடித்தது. அதைத் திருத்த வந்த எருக்கலம்பிட்டி வஸீர் அவளைக் கூப்பிட்டுக் காட்டி, ஆறுதலாக விளங்கப்படுத்தியிருந்தான். ஏசிக்குள் இருக்கிற காஸ் லாம்பு எண்ணெய் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இந்தக் கரையில் உப்புக்காற்றுத்தான் மூட்டுகளை அரித்துத் தின்னும். காஸ் குறைந்தால் குழாயில் ஐஸ் பிடிக்கும், அறை மட்டும் குளிராது. அதைப் பார்த்துக்கொண்டு ஓடவிட்டால் கடைசியில் கொம்பிரசர் எரிந்துபோகும்.

சொல்லத்தான் வேலியடிக்குப் போனாள். வாயையும் திறந்தாள். அந்த நேரம் பார்த்து தேசிக்காய் மாலை காற்றில் ஆடி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டாள். எரியட்டும் என்று நினைத்தாள். மெஷின் எரிந்தால் அறை புழுங்கும், அறை புழுங்கினால் அப்பா தன் தலையணையையும் தூக்கிக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவார். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மூன்று கிழமை அந்த ஐஸைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் அள்ளினாள். முன்பெல்லாம் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் ஓய்ந்து மூச்சுவிட்ட மெஷின் இப்போது ஓயாமல் இரைந்தது. நிறுத்தினால் உள்பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று சுதர்ஷினி கீழே தண்ணீர் பிடிக்க ஒரு பேசினை வைத்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உப்பும் செத்தல் மிளகாயும் முச்சந்தி மண்ணும் எடுத்து, ஏசிப் பெட்டியை மூன்றுதரம் சுற்றி நாவூறு கழித்து முற்றத்து நெருப்பில் போட்டாள். கட்டாரில் பன்னிரண்டு வருஷம் ஏசிக்குள் இருந்துவிட்டு வந்த பெண்! மெஷினுக்கு நாவூறு கழித்த ஆள் இந்தத் தீவிலேயே அவளாகத்தான் இருக்கும். மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை, அப்படியென்றால் பட்டது லேசான கண் இல்லை என்று அவள் புருஷனுக்குச் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

வசந்தமலருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் கண்ணா? என் கண் கண்டதை நான் சொல்லியிருந்தால் உன் மெஷின் பிழைத்திருக்கும் என்று மனதுக்குள் கறுவினாள். அதில் பாதி நியாயம் இருந்தது. மற்றப் பாதியை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தங்கையும் புருஷனும் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனார்கள். கொம்பனி அரை நாள். பன்னிரண்டரைக்கு வசந்தமலர் சோற்றுச் சட்டியோடு போனபோது அறைக் கதவைத் திறக்க ஆள் இல்லை. இரண்டுதரம் கூப்பிட்டாள். பதில் ஈனக் குரலில் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு முதல்தடவையாக உள்ளே காலை வைத்தாள்.

அறை அவிந்தது. யன்னல்கள் இறுக்கிச் சாத்தியிருந்தன. ஏசி தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. அதன் வாயில் கையை நீட்டிப் பார்த்தால் வெறும் காற்று, அதுவும் பேருக்கு. கட்டில் விளிம்பில் இரத்தினம் இருந்தார். பெனியன் தண்ணீரில் நனைத்துப் போட்டது போல் உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு காய்ந்து முகம் வெளுத்திருந்தது. பங்குனியில் விழுந்த அன்றும் அவர் முகம் இப்படித்தான் இருந்தது.

சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு யன்னல்களை அடித்துத் திறந்தாள். ஏசியை நிறுத்தி மின்விசிறியைப் போட்டாள். உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். ஈரத் துவாயால் கழுத்தையும் நெஞ்சையும் துடைத்தாள். பதினைந்து நிமிஷத்தில் அவர் முகத்தில் இரத்தம் திரும்பியது.

"ஏன் அப்பா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா சின்னவளுக்கு மனம் நோகும். ஆசையா வாங்கிப் போட்டவள்."

"எத்தினை நாளா இப்பிடி?"

"கொஞ்ச நாளாத்தான்."

"வேர்த்து விழுந்து செத்தாலும் சொல்லமாட்டியளோ?"

இரத்தினம் துவாயை வாங்கி முகத்தைத் தானே துடைத்துக்கொண்டார்.

"உன்ர வீட்டில பன்னிரண்டு வரியம் இருந்தன். அங்க சொன்னனானே, பிள்ளை?"

குத்திக் காட்டுகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரித்தான் சொன்னார். வசந்தமலர் திறந்த யன்னலால் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். அந்தச் சீற் கூரைக்குக் கீழே பன்னிரண்டு சித்திரை வெயில். தன் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே. எழுந்து வெளியே போய் வஸீருக்குப் போன் எடுத்தாள்.

அப்பாவை இந்தப் பக்கம் கூட்டிவந்து கிணற்றடி வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டு இருத்தினாள். மூன்று கிழமை அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாலு மணிக்கு வஸீர் மோட்டார் சைக்கிளில் வந்தான். கொஞ்ச நேரத்தில் கலியாண வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார்கள். நடந்ததைக் கேட்டதும் சுதர்ஷினி, கட்டியிருந்த பட்டுச் சீலையோடு ஓடிவந்து அப்பாவின் காலடியில் இருந்துவிட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வஸீர் முதலில் உள்பெட்டியின் தூசி வலையைக் கழற்றிப் பார்த்தான். அதில் தூசி அடைத்தாலும் ஐஸ் பிடிக்கும் என்றான். வலை துப்புரவாக இருந்தது. சுபாஸ்கரனுக்கு அவசரம், காஸ் கொஞ்சம் அடித்துவிட்டால் சரிதானே என்று கேட்டான்.

"ஓட்டை வாளிக்குத் தண்ணி அள்ளி என்ன பிரயோசனம், அண்ணன்? முதல்ல ஓட்டையைப் பிடிப்பம்."

வசந்தமலரிடம் சவர்க்காரமும் தண்ணீரும் கேட்டு வாங்கி, நுரையடித்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே செப்புக் குழாயின் மூட்டில் பூசினான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நுரைக்குள்ளிருந்து குமிழி ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டது. மூட்டு பச்சைக் களிம்பு பிடித்து, எண்ணெய் கசிந்து, அதில் தூசி படிந்திருந்தது.

"இது இண்டைக்கு நேத்து வந்ததில்லை. எத்தினை நாளா ஐஸ் பிடிக்குது?"

வருஷப்பிறப்புக்குப் பிறகு என்று சுபாஸ்கரன் தலையைச் சொறிந்தான். அது நல்ல சகுனம் என்று நினைத்ததையும் மறைக்காமல் சொன்னான். வஸீர் சிரித்தான். பிறகு, மனதில் ஒன்றும் இல்லாமல், வசந்தமலர் பக்கம் திரும்பினான்.

"அக்காவுக்குத் தெரியுமே. கொம்பனியில இதைத்தானே காட்டினனான்."

சுதர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். வசந்தமலரின் கையில் சவர்க்காரக் கோப்பை இருந்தது.

"அவள் சொன்னவள்," என்றார் இரத்தினம், கதிரையிலிருந்து. "அண்டைக்கே என்னட்டச் சொன்னவள். நான்தான் உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்."

சுதர்ஷினி அதை நம்பிவிட்டாள். அப்பாவைச் செல்லமாகக் கண்டிக்கக்கூடத் தொடங்கிவிட்டாள். அக்காவின் கண்ணைப் பற்றித் தான் பிழையாக நினைத்துவிட்டதாகவும், மன்னிக்க வேணும் என்றும் வாய்க்குள் முணுமுணுத்தாள். வசந்தமலர் பேசாமல் நின்றிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். கிடைத்த சாக்கை விடுகிற ஆள் அல்ல அவள். ஆனால் இந்தச் சாக்கைத் தந்தவர், இன்னொருவர் மனம் நோகக்கூடாது என்று மத்தியானம் செத்துப்போகப் பார்த்த மனுஷன்.

"அப்பா பொய் சொல்றார்," என்றாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மூண்டு கிழமையா நான் இதைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். இது பழுதாப்போனா அப்பா என்னட்ட வந்திடுவார் எண்டு நினைச்சனான்."

சுபாஸ்கரன் வீட்டுக்குள் போனான். சுதர்ஷினி அக்காவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டு அவளும் போனாள். வஸீர் மட்டும் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தான். குழாயின் அரித்த நுனியை வெட்டி, புதிதாக வாய் விரித்து, புது நட்டுப் போட்டு இறுக்கினான். பம்பை வைத்து உள்ளே இருந்த காற்றை இழுத்தெடுத்தான். பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, கொம்பனியில் நண்டு நிறுப்பது போல், கணக்காகக் காஸ் விட்டான். இனிமேல் குழாய் வேர்க்கலாம், ஐஸ் பிடிக்கக் கூடாது, பிடித்தால் உடனே நிறுத்திவிட்டுத் தன்னைக் கூப்பிட வேண்டும் என்றான். அதை அவளிடம்தான் சொன்னான்.

வெளிப்பெட்டி இரைந்து கொஞ்ச நேரத்தில் வெக்கைக் காற்று கிணற்றடிக்கு வந்தது. நல்ல வெக்கை. குழாயில் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டியது. வஸீர் போனபிறகும் அவள் அந்தக் காற்றுக்கு முன்னால் நின்றாள்.

அப்போதுதான் அப்பாவின் சோறு நினைவுக்கு வந்தது. மத்தியானம் வைத்தது வைத்தபடி அறை நிலத்தில் கிடக்கும். அடுப்பில் மிச்சமிருந்த குழம்பைச் சூடாக்கி, புதிதாகச் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போனாள். வழமைபோல அறை வாசலில் நின்று சட்டியை நீட்டினாள். சுதர்ஷினி கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இன்றைக்கு அவள் உள்ளே கூப்பிடவில்லை.

இரத்தினம் எட்டிப் பார்த்தார்.

"என்ன வாசலில நிக்கிறாய்? குளிர் எல்லாம் வெளியில போகுது. கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு வா, பிள்ளை."

வசந்தமலர் தங்கையைப் பார்த்தாள். சுதர்ஷினி அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கொஞ்சம் நகர்ந்து, கட்டிலில் ஓர் ஆள் இருக்க இடம் விட்டாள்.

வசந்தமலர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.