மூன்று விரல்

கம்பைநல்லூர்ப் பக்கம் அந்தப் புளி மண்டியில் குள்ளம்மாளின் கையை ஏமாற்றிய புளியங்கொட்டை இதுவரை கிடையாது. மற்ற பெண்கள் தட்டிக் குவித்த புளியை அவள் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துத்தான் கூடைக்கு அனுப்புவாள். வாய் ஊர்க்கதை பேசும், கண் வாசலில் இருக்கும். விரல் மட்டும் உள்ளே போய் ஒளிந்திருக்கும் கொட்டையைப் பிடித்துவிடும். கொட்டையை விட்டவளுக்கு அன்று முழுக்கக் கேலிதான்.

சுகாதாரப் பணியாளர் சோபனா மூன்று வாரமாக அங்கே வந்து மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசிப் பார்த்தாள். நோட்டீஸில் இருந்த படத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சோபனாவுக்கு அழுகையே வந்தது. நான்காம் வாரம் நோட்டீஸைப் பைக்குள் திணித்துவிட்டு, குள்ளம்மாளின் கையைக் காட்டினாள். அக்கா புளியில் பார்க்கிற மாதிரியே மூன்று விரலைச் சேர்த்து, மெல்ல அழுத்தி, மாதம் ஒருமுறை மார்பைத் தடவிப் பாருங்கள் என்றாள். கட்டி வலிக்கவில்லை என்றாலும் வந்து காட்டுங்கள். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, இருந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்திவிடலாம் என்றாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மறுவாரம் குள்ளம்மாள் சோபனாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனாள். தன் இடது மார்பில் நிலக்கடலை அளவுக்கு ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாள். வைகாசியில் மகள் மலர்விழிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நவநீதனின் தாய் பெரியம்மாள் இதே மண்டியில் எதிர்வரிசையில் உட்கார்ந்து புளி தட்டுகிறவள். அம்மாவுக்கு அந்த நோய் என்று காதில் விழுந்தால் பெண்ணை எடுப்பார்களா? கல்யாணம் முடியட்டும், பிறகு வருகிறேன் என்றாள் குள்ளம்மாள். நோய் முகூர்த்தம் பார்த்துக் காத்திருக்காது என்று சோபனா கெஞ்சினாள். யாருக்கும் தெரியாமல் அரூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகக்கூடச் சொன்னாள். குள்ளம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்டிக்குள் போய்விட்டாள்.

போனவள் புளியைத் தொடவில்லை. எல்லோர் நடுவிலும் நின்றாள்.

"எனக்குக் கட்டி இருக்குது. நாளைக்கு அரூர் ஆஸ்பத்திரிக்குப் போறன். திருட்டுத்தனமா போறதுக்கு நான் என்ன தப்பா பண்ணிட்டன்? சம்மந்தி, உங்ககிட்ட மறைச்சுப் பொண்ணு குடுக்க எனக்கு மனசு வரலைங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

பின்னாலேயே வந்த சோபனா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஊரெல்லாம் போய்ப் பேசுகிற தனக்கு இந்தத் துணிச்சல் வருமா என்று நினைத்துக்கொண்டாள். வராது. பெரியம்மாளோ தலையை நிமிர்த்தவே இல்லை. கையிலிருந்த புளியை உருட்டிக்கொண்டே இருந்தவள், மெல்ல எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எனக்கும் இருக்குதுங்க சம்மந்தி. நாலு மாசமாச்சு. தெரிஞ்சா நீங்க பொண்ணு தர மாட்டீங்கன்னு வாயத் தொறக்கல."

மறுநாள் காலைப் பேருந்தில் சம்மந்திகள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து அரூர் போனார்கள். பரிசோதனைகள் முடிந்தன. குள்ளம்மாளுக்கு வெறும் சாதாரணக் கட்டி. பெரியம்மாளுக்குத்தான் புற்றுநோய், நல்லவேளை, இன்னும் பரவவில்லை. அறுவை சிகிச்சை, மருந்து என்று மாதங்கள் ஓடின. கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்தவள் குள்ளம்மாள்தான். மாப்பிள்ளையின் தாய் மணவறைப் பக்கம் நிற்காமல் என் மகள் கழுத்தில் தாலி ஏறாது என்று சொல்லிவிட்டாள்.

ஆவணியில் தாலி ஏறியது. முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெரியம்மாள் பக்கத்திலேயே நின்று அட்சதை போட்டாள். பிறகு குள்ளம்மாளின் வலது கையைப் பிடித்து, புளிக்கறை போகாத அந்த மூன்று விரலையும் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விடுங்க சம்மந்தி, எல்லாரும் பாக்கறாங்க என்று குள்ளம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். பந்திப் பக்கம் நின்ற சோபனாவுக்குக் கண்ணீரை அடக்க முடியவில்லை.