படகுக்கு முன்னால் ஒரு மாத்திரை

ஊசி என்றாலே ஓடி ஒளிகிற பிள்ளைகள், ஊசியக்கா என்றால் மட்டும் ஓடி வந்து மடியில் விழுந்தார்கள். அவள் தையல்காரி, அதனால் வந்த பேர் அது. ஆஸ்பத்திரியே வீடாகிப்போன பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஏரிக்கரையில் ஒரு வாரம் முகாம் நடந்தது. கடையைப் பூட்டிவிட்டு அங்கே தொண்டு செய்ய வந்திருந்தாள். ஒரு தொண்டருக்கு ஒரு குடும்பம். அவளுக்கு வாய்த்தது சிட்டுவும் அவள் அம்மாவும். சிட்டுவுக்கு எட்டு வயசு. ரத்தப் புற்றுநோய். தலையில் ஒரு முடி கிடையாது, வாய் மட்டும் காது வரைக்கும். அம்மா சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். சிரிப்பையும் துணியோடு சேர்த்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள்.

முகாமில் ஒரு விஷயத்தில் மட்டும் படு கறார். வந்த அன்றைக்கே மருந்து மாத்திரை அத்தனையையும் நர்ஸம்மாவின் பெட்டியில் ஒப்படைத்துவிட வேண்டும். காய்ச்சல் மாத்திரையை யாரும் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்கவே கூடாது. இந்தப் பிள்ளைகள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி கிடையாது. உள்ளே கிருமி புகுந்தால் கூப்பாடு போட்டுச் சொல்வது காய்ச்சல் ஒன்றுதான். அதன் வாயை மாத்திரை போட்டு அடைத்துவிட்டால் கிருமி சத்தமில்லாமல் காரியத்தை முடித்துவிடும். அதனால் உடம்பு சுட்டால் உடனே வண்டி, உடனே ஆஸ்பத்திரி.

அன்றைக்கு மத்தியானம் படகுச் சவாரி. பிள்ளைகள் வரிசையில் நிற்க, நர்ஸம்மா ஒவ்வொருவராகக் காய்ச்சல் பார்த்துப் படகுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"சிட்டு, கையத் தூக்கு."

"தூக்கிட்டேன், சுட்டுறாதீங்க!"

"இந்த வாய்க்குத் தனியா ஒரு டிக்கெட் போடணும்டி." நர்ஸம்மா கருவியைப் பார்த்தாள். "சரியா இருக்கு. போ, போ."

மிதவைச் சட்டையின் பட்டையை மாட்டிவிட ஊசியக்கா குனிந்தாள். விரல் சிட்டுவின் கழுத்தில் பட்டது. பிசுபிசுவென்று வேர்வை. ஏரிக்காற்று ஜிலுஜிலுவென்று அடிக்கிறது, மற்ற பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் சுருண்டு நிற்கிறார்கள், இவள் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.

"எங்கடி ஓடிட்டு வந்தே?"

"ஓடவே இல்லையே. அம்மா மடியில படுத்திருந்தேன்."

ஊசியக்காவுக்குச் சந்தேகம் வந்தது. அடித்த காய்ச்சலை மாத்திரை இறக்கும்போதுதான் இப்படிக் கொட்டும். நிமிர்ந்து பார்த்தாள். கரையில் நின்ற அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசியக்கா நேரே அவளிடம் போனாள்.

"தங்கச்சி, பிள்ளைக்கு என்ன குடுத்தே?"

"என்ன குடுப்பேன்? தண்ணி குடுத்தேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

"லேசாத்தான்க்கா சுட்டுச்சு. பை அடியில ஒரு மாத்திரை கிடந்துச்சு."

"அடிப்பாவி! நர்ஸம்மாகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா படகு உண்டா? ரெண்டு வருஷமா எங்கேயாவது கிளம்பும்போதெல்லாம் காய்ச்சல்தான் முன்னாடி வந்து நிக்குது. ஒரே ஒரு சுத்து போயிட்டு வரட்டும்க்கா. இறங்கினதும் நானே சொல்லிடறேன், சத்தியமா."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"நீங்க எங்க பக்கம்னு நினைச்சேன்."

அந்த ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தது. உண்மைதானே, இவர்கள் பக்கம் நிற்கத்தானே வந்தாள்? படகுக்காரர் "அடுத்த ஆளு, அடுத்த ஆளு" என்று கூவினார். சிட்டு ஒரு காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிட்டாள்.

"நீயே சொல்லு தங்கச்சி. உன் வாயால வந்தா நல்லது."

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நர்ஸம்மா!" ஊசியக்கா போட்ட சத்தத்தில் ஏரிப் பறவைகள் எழுந்து பறந்தன. "படகை நிறுத்துங்க! சிட்டுவை இறக்குங்க!"

"சரியா இருக்குன்னு சொன்னாங்களே!" சிட்டு படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "விடு! நீ அக்காவே இல்ல, பிசாசு!"

விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. விஷயத்தைக் கேட்ட நர்ஸம்மா அம்மாவைத் திட்டவில்லை. "எப்ப குடுத்தீங்க, எவ்வளவு குடுத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க. அழுகை அப்புறம்" என்றாள். வண்டி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் மாத்திரையின் வேகம் அடங்கியது. சிட்டுவுக்குப் பல் கிட்டித்தது, உதடு வெளுத்தது. போர்த்திவிடப் போன ஊசியக்காவின் கையை எட்டி உதைத்தாள். இரண்டாவது தடவை உதைக்கக் காலைத் தூக்கினாள், தெம்பில்லாமல் அது பாதியிலேயே விழுந்தது. உதை வாங்கியதைவிட அதுதான் ஊசியக்காவைக் கலக்கியது. அம்மா பிள்ளையின் மூச்சை மட்டும் காதில் வாங்கிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"ரத்தத்துல கிருமி பரவ ஆரம்பிச்சிருக்கு. ரத்த அழுத்தமும் இறங்கிட்டு இருந்துச்சு. இப்ப நிக்குது. படகுல ஏத்திவிட்டிருந்தா..." அம்மாவின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். "பயம் இன்னும் தீரலை. ஆனா நேரத்துக்கு வந்துட்டீங்க."

ஊசியக்கா நாற்காலியிலிருந்து எழுந்து பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" அம்மாவின் குரல் கரகரத்தது.

"என் மூஞ்சியைப் பார்த்தா உனக்கு எரியும் தங்கச்சி. முகாம்லேர்ந்து வேற ஆளை அனுப்பச் சொல்றேன்."

"எரியத்தான் செய்யுது. அதுக்காக?" அம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "கண்ணு முழிச்சதும் உங்களைத்தான் கரிச்சுக் கொட்டுவா. ஏறின படகுலேர்ந்து இறக்க வேண்டி வந்தது என்னாலதான்னு அவகிட்ட நான் சொல்லணும். பக்கத்துல வந்து உக்காருங்க. நீங்க இல்லேன்னா, பாதியில பயந்து கதையை மாத்திருவேன்."

ஊசியக்கா பையைக் கீழே வைத்தாள். இருவரும் கைகளைக் கழுவிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் தள்ளி உள்ளே போனார்கள். சிட்டுவின் இமை லேசாக அசைந்தது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.